முதல் சுற்றில் மறுக்கப்படும் ஆட்டநிலைகள்

அமெரிக்கக் கால்பந்தின் தேசிய லீகில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணி 2021, 2022, 2023 ஆகிய மூன்று பருவங்களையும் 7 வெற்றி, 10 தோல்வி என்ற ஒரே கணக்கில் முடித்தது. அதனால் அடுத்து வந்த மூன்று டிராஃப்ட்களிலும் அதற்கு 8ஆவது தேர்வே கிடைத்தது. பொது மேலாளர் டெரி ஃபான்டெனோ 2022இல் ட்ரேக் லண்டன் என்ற வைட் ரிசீவரை எடுத்தார். 2023இல் பிஜான் ராபின்சன் என்ற ரன்னிங் பேக்கையும், 2024இல் மைக்கேல் பெனிக்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கையும் எடுத்தார். முதலாமவர் பந்தைப் பிடிப்பவர், அடுத்தவர் பந்தோடு ஓடுபவர், மூன்றாமவர் பந்தை எறிபவர். மூவருடைய முதல் ஒப்பந்தமும் நான்கு ஆண்டுகளுக்கு 2.15 கோடி டாலரிலிருந்து 2.3 கோடி டாலருக்குள் அடங்கியது.

வெளிச்சந்தையில் இம்மூன்று நிலைகளின் விலை ஒன்றல்ல. ஒப்பந்தம் முடிந்த வீரரை மேலும் ஓராண்டு தக்கவைக்க ஓர் அணி தரவேண்டிய தொகையை, அந்தந்த நிலையில் அதிகம் சம்பாதிப்பவர்களின் சம்பளத்தை வைத்து லீக் ஆண்டுதோறும் அறிவிக்கிறது. 2024இல் அத்தொகை குவார்ட்டர்பேக்குக்கு 3.83 கோடி டாலர், ரிசீவருக்கு 2.18 கோடி, ரன்னிங் பேக்குக்குச் சுமார் 1.2 கோடி. மூன்று மடங்கு விலை வேறுபாடுள்ள பண்டங்கள் டிராஃப்டில் ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. எந்த மேலாளர் எதை முதலில் எடுப்பார் என்ற விவாதம் முழுவதும் இந்த இடைவெளியிலிருந்தே பிறக்கிறது.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்காகச் சிறிது விளக்கம். ஐ.பி.எல். ஏலத்தில் பணம் கையில் உள்ள எந்த அணியும் எந்த வீரருக்கும் விலை கேட்கலாம். இங்கே ஏலம் கிடையாது, வரிசைதான். பல்கலைக்கழக ஆட்டத்திலிருந்து வரும் இளைஞர்களை 32 அணிகள் ஏழு சுற்றுகளில் ஒருவர் பின் ஒருவராக எடுக்கின்றன. போன பருவத்தில் கடைசியில் நின்ற அணிக்கே முதல் வாய்ப்பு. பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல் முன்வைத்த யோசனை இது; முதல் டிராஃப்ட் 1936இல் நடந்தது. களத்தில் தாக்கும் பதினொருவர் வேறு, தடுக்கும் பதினொருவர் வேறு. நிலைக்கு நிலை உடலமைப்பே மாறும். 140 கிலோ எடையோடு எதிரியை முட்டித் தடுக்கும் டேக்கிளை ரிசீவராக நிறுத்த முடியாது. ஆகவே ஒரு தேர்வை ஒரு நிலைக்குச் செலவிட்டால் மற்ற நிலைகள் அத்தனைக்கும் வேறு வழி தேடியாக வேண்டும்.

டிராஃப்டை ஆள்பவை இரண்டு அட்டவணைகள். 1990களின் தொடக்கத்தில் டல்லஸ் கௌபாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன், அணியின் பங்குதாரர்களில் ஒருவரான மைக் மெக்காய் தயாரித்த மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு மற்ற அணிகளோடு தேர்வுகளை மாற்றிக்கொண்டார். முதல் தேர்வுக்கு 3000 புள்ளி, 16ஆவதற்கு 1000, 32ஆவதற்கு 590. பிற அணிகளும் அதை விரைவில் பின்பற்றின. இரண்டாவது, 2011இல் வீரர் சங்கத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டில் வந்த புதியவர் சம்பள வரம்பு. அதற்கு முந்தைய ஆண்டில் முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்ட் பெற்ற ஒப்பந்தம் ஆறு ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர். அதில் உறுதி செய்யப்பட்டதே 5 கோடி. 2011இல் அதே இடத்தில் எடுக்கப்பட்ட கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 2.2 கோடிதான். இரண்டு அட்டவணைகளிலும் எத்தனையாவது தேர்வு என்பது மட்டுமே உண்டு. ஆட்டநிலைக்கு அவற்றில் ஒரு கட்டம்கூட இல்லை. அந்தக் கட்டத்தை ஒவ்வொரு மேலாளரும் தம் மனத்தில் நிரப்பிக்கொள்கிறார்.

2011க்குப் பின் பெரும்பாலோர் நிரப்பிய விதம் ஒன்றுதான். குவார்ட்டர்பேக், ஓரத்திலிருந்து பாய்ந்து அவரை வீழ்த்தும் எட்ஜ் ரஷர், அவரைக் காக்கும் டேக்கிள், ரிசீவர், ரிசீவரை மறிக்கும் கார்னர்பேக் ஆகிய ஐந்தும் மேல்தட்டு. ரன்னிங் பேக், தடுப்பின் மையத்தில் நிற்கும் நடு லைன்பேக்கர், அவருக்குப் பின்னால் காக்கும் சேஃப்டி, தாக்கும் முன்வரிசையின் உட்பகுதியில் நிற்கும் கார்டு, சென்டர், முட்டித் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் ஆகியவை கீழ்த்தட்டு. 2013, 2014, 2022, 2024 ஆகிய நான்கு டிராஃப்ட்களில் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கும் எடுக்கப்படவில்லை. குவார்ட்டர்பேக்குகளோ 2024இல் முதல் 12 தேர்வுகளுக்குள்ளேயே ஆறு பேர் போய்விட்டனர்.

கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றால் மேலாளர்கள் ஏன் இவ்வளவு மாறுபடுகிறார்கள்? அவரவர் ரசனை, அவரவர் பழைய ஆட்ட அனுபவம் என்று பலர் விளக்குவதுண்டு. எனக்கு அது போதவில்லை. ஒரு மேலாளர் எந்த நிலையை விரும்பி எடுக்கிறார் என்பதைவிட, எந்த நிலைக்கு முதல் சுற்றைச் செலவிட மறுக்கிறார், மறுத்த அந்த நிலையை எங்கிருந்து நிரப்புகிறார் என்பதில்தான் அவருடைய உண்மையான முன்னுரிமை தெரிகிறது. மறுப்புக்குப் பின்னால் மாற்று வழி இருந்தால் அது கொள்கை. அது இல்லாதவரிடம் இருப்பது வெறும் பிடித்தமே.

ஓய்வுக்குப்பின் மேலாளரான இரண்டு லைன்பேக்கர்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். மாட் மில்லன் வீரராக லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை நான்கு முறை வென்றவர். டெட்ராய்ட் லயன்ஸை நடத்த வந்தபின் 2003இல் சார்லஸ் ராஜர்ஸ் (2ஆவது தேர்வு), 2004இல் ராய் வில்லியம்ஸ் (7), 2005இல் மைக் வில்லியம்ஸ் (10) என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து முதல் பத்துக்குள் ரிசீவர்களையே எடுத்தார். மைக் வில்லியம்ஸுக்கு அடுத்து, 11ஆவதாக, டல்லஸ் எடுத்தது டிமார்கஸ் வேர் என்ற எட்ஜ் ரஷரை. அவர் இன்று கௌரவ மண்டபத்தில் இருக்கிறார். 2007இல் மில்லன் எடுத்த கால்வின் ஜான்சனும் அந்த மண்டபத்துக்குப் போனார். ஆனால் அவருக்கு ஒழுங்காகப் பந்து எறிய ஆளில்லை, எறிபவரைக் காக்க வரிசையில்லை. 2008இல் லயன்ஸ் 16 ஆட்டங்களிலும் தோற்றது. மில்லன் பருவத்தின் நடுவிலேயே நீக்கப்பட்டார்.

டெட் தாம்சன் ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அணியில் லைன்பேக்கராக ஆடியவர். 2005இல் கிரீன் பே பேக்கர்ஸின் மேலாளராகி 2017 வரை அப்பொறுப்பில் இருந்தார். அந்த ஆண்டுகளில் முதல் சுற்றில் ஒரு ரிசீவரைக்கூட அவர் எடுக்கவில்லை. கிரெக் ஜென்னிங்ஸ் 52ஆவது, ஜோர்டி நெல்சன் 36ஆவது, ராண்டால் காப் 64ஆவது, டவான்டே ஆடம்ஸ் 53ஆவது. நால்வரும் இரண்டாம் சுற்று, நால்வரும் பிற்பாடு நட்சத்திர ஆட்டமான புரோ பௌலுக்குத் தேர்வானவர்கள். பல்கலைக்கழகங்கள் பந்தை எறிந்தே ஆடும் முறைக்கு மாறியதால் நல்ல ரிசீவர்கள் ஆண்டுதோறும் கூட்டமாக வருகிறார்கள், 20ஆவது ஆளுக்கும் 50ஆவது ஆளுக்கும் வேறுபாடு சிறியது என்பதே இம்முறைக்கு அடிப்படை. இதில் ஒரு சலுகையும் இருந்தது. தாம்சன் தம் முதல் டிராஃப்டிலேயே, பிரெட் ஃபாவ்ர் அணியில் இருந்தபோதே, 24ஆவதாக ஆரன் ராஜர்ஸை எடுத்திருந்தார். அப்படியொரு கை இருந்தால் இரண்டாம் சுற்று ரிசீவர்களும் முதல் சுற்றுக்காரர்களாகத் தெரிவார்கள். ஆனால் அந்தக் கையைக் கண்டெடுத்து, தேவை வருமுன்பே வாங்கி வைத்ததும் அதே மேலாளர்தான்.

லைன்பேக்கராக ஆடிய இருவரில் ஒருவருமே லைன்பேக்கர்களுக்காக முதல் சுற்றைக் கொட்டித் தீர்க்கவில்லை. பழைய ஆட்ட அனுபவம் முன்னுரிமையைத் தீர்மானிக்கிறது என்ற விளக்கம் இங்கேயே தளர்ந்துவிடுகிறது.

மறுப்பை மிக நுணுக்கமாகச் செய்பவர் என்று நான் கருதுவது பிலடெல்ஃபியாவின் ஹோவி ரோஸ்மனை. இவர் வீரராக இருந்தவரல்லர், சட்டம் படித்தவர். ஈகிள்ஸ் 1979இல் ஜெர்ரி ராபின்சனை எடுத்தபின் நாற்பத்தைந்து ஆண்டுகள் நடு லைன்பேக்கர் ஒருவருக்கு முதல் சுற்றைத் தரவில்லை. அந்தப் பழக்கம் ரோஸ்மனுக்கு முன்பே தொடங்கியது. அதை ஒரு முறையாக்கியவர் அவர். முதல் சுற்றுகள் பல முன்வரிசைகளுக்குப் போயின: 2012இல் ஃபிளெச்சர் காக்ஸ், 2013இல் லேன் ஜான்சன், 2022இல் ஜோர்டன் டேவிஸ், 2023இல் ஜேலன் கார்ட்டர். லைன்பேக்கரோ மலிவாக வாங்கவேண்டிய பண்டம். 2024இல் ஸாக் பான் என்பவரை ஓராண்டுக்கு 35 லட்சம் டாலருக்கு எடுத்தார். அதுவரை நியூ ஆர்லின்ஸில் பெரிதாகக் கவனிக்கப்படாதவர் அவர். அந்தப் பருவத்தின் முடிவில் லீகின் சிறந்த அணிப் பட்டியலில் முதல் வரிசையில் இடம்பெற்றார். சூப்பர் பௌலில் பேட்ரிக் மஹோம்ஸின் எறிதலைத் தட்டிப் பறித்தார்.

அதே 2024இல் ரோஸ்மன் வாங்கிய இன்னொருவரின் கதை இந்த ஆய்வின் மையத்துக்கே வருகிறது. 2018 டிராஃப்டில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு 2ஆவது தேர்வு இருந்தது. முந்தைய பருவத்தில் அணி 3 வெற்றி, 13 தோல்வி. குவார்ட்டர்பேக் ஈலை மேனிங்குக்கு வயது 37. வரிசையில் சாம் டார்னால்ட், ஜோஷ் ஆலன், லமார் ஜாக்சன் ஆகியோர் காத்திருந்தனர். பொது மேலாளர் டேவ் கெட்டில்மன் சாக்வான் பார்க்லி என்ற ரன்னிங் பேக்கை எடுத்தார். வீரரைப் பற்றிய அவருடைய மதிப்பீடு முற்றிலும் சரி. பார்க்லி முதல் ஆண்டிலேயே ஓட்டத்திலும் பிடியிலும் சேர்த்து 2,028 கஜம் சேர்த்து, சிறந்த புதிய தாக்குதல் வீரர் விருது பெற்றார். அணி வென்றது 5 ஆட்டம். அடுத்த ஆண்டு 4. 2020இல் பார்க்லியின் முழங்கால் தசைநார் கிழிந்தது. கெட்டில்மன் இருந்த நான்கு பருவங்களில் ஒன்றில்கூட அணி பாதி ஆட்டங்களை வெல்லவில்லை. 2022 ஜனவரியில் அவர் ஓய்வு பெற்றார்.

பார்க்லி ஆறு ஆண்டு உழைத்துத் தேய்ந்தபின், 2024 மார்ச்சில் ரோஸ்மன் அவரை மூன்றாண்டுக்கு 3.775 கோடி டாலருக்கு எடுத்தார். டிராஃப்டில் எந்தத் தேர்வையும் இழக்கவில்லை. பிலடெல்ஃபியாவில் பார்க்லிக்கு முன்னால் நின்ற வரிசையைக் கவனிக்க வேண்டும். வலது ஓரத்தில் லேன் ஜான்சன், 4ஆவது தேர்வு. இடது கார்டு லாண்டன் டிக்கர்சன், 37ஆவது. சென்டர் கேம் ஜர்கன்ஸ், 51ஆவது. இடது டேக்கிள் ஜோர்டன் மைலாட்டா, ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடிவந்தவர். பார்க்லி எடுக்கப்பட்ட அதே 2018 டிராஃப்டின் ஏழாம் சுற்றில் 233ஆவதாக வந்தவர். டேக்கிளுக்கு ஒரு முதல் சுற்று, உள்வரிசைக்கு இரண்டாம் சுற்று, மற்றொரு டேக்கிளுக்குப் பொறுமையான பயிற்சி என்று அடுக்கியபின், கடைசியாக வந்தவர் ரன்னிங் பேக். அவர் அந்தப் பருவத்தில் 2,005 கஜம் ஓடினார். ஈகிள்ஸ் 40-22 என்று கான்சஸ் சிட்டியை வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. ரன்னிங் பேக்கால் பயனில்லை என்ற வாதத்தை இது உடைக்கிறது. ஆனால் கெட்டில்மனின் முடிவைச் சரியென்றும் ஆக்கவில்லை. வீரர் ஒருவரே, இரு மேலாளர்களும் அவரை வாங்கிய வரிசைதான் வேறு.

வரிசையின் அருமையை டெட்ராய்ட் இன்னும் தெளிவாகக் காட்டியது. 2023இல் லயன்ஸ் மேலாளர் பிராட் ஹோம்ஸ் 6ஆவது தேர்வை அரிசோனாவுக்குக் கொடுத்து 12ஆவதற்கு இறங்கினார். அதற்கு ஈடாக 34ஆவது தேர்வையும் பெற்றார். பிறகு ஜமீர் கிப்ஸ் (ரன்னிங் பேக், 12), ஜாக் கேம்ப்பெல் (லைன்பேக்கர், 18), சாம் லபோர்ட்டா (டைட் எண்ட், 34), பிரையன் பிராஞ்ச் (சேஃப்டி, 45) என்று எடுத்தார். கீழ்த்தட்டு நிலைகள் நான்கும் அடுத்தடுத்து. அன்றைய விமர்சனம் கடுமையாக இருந்தது. விமர்சித்தவர்கள் அந்த ஒரு டிராஃப்டை மட்டும் பார்த்தார்கள். ஹோம்ஸ் 2021இல் தம் முதல் தேர்வை, 7ஆவதை, பெனே சூவெல் என்ற டேக்கிளுக்குக் கொடுத்திருந்தார். 2022இல் 2ஆவதை எய்டன் ஹட்சின்சன் என்ற எட்ஜ் ரஷருக்குக் கொடுத்திருந்தார். குவார்ட்டர்பேக் ஜாரட் காஃபை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஏற்கெனவே பெற்றிருந்தார். சந்தையில் விலை கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத நிலைகள் நிரம்பிவிட்டன. அதன்பின் களத்தில் உடனே ஆடக்கூடிய நான்கு பேரை, நிலை பாராமல், அவர் எடுத்தார். 2023 பருவத்தில் லயன்ஸ் 32 ஆண்டுகளுக்குப்பின் பிளேஆஃப் ஆட்டம் ஒன்றை வென்றது. 2024இல் 15 வெற்றி, 2 தோல்வி.

ஆட்டமுறையும் இந்த வரிசையைத் தலைகீழாக்கும். சியாட்டிலில் ஜான் ஷ்னைடர் 2010இல் சேஃப்டி எர்ல் தாமஸுக்கு 14ஆவது தேர்வைக் கொடுத்தார். விலை உயர்ந்த நிலையான கார்னர்பேக்கை 2011இல் ஐந்தாம் சுற்றில், 154ஆவதாக எடுத்தார். அவர்தான் ரிச்சர்ட் ஷெர்மன். அப்போதைய பயிற்சியாளர் பீட் கேரலின் தடுப்பில் நடுவில் தனியாக நின்று இரு பக்கமும் ஓடி மறிக்கும் சேஃப்டி அரிது. ஓரத்தில் நிற்பவருக்கு உயரமும் நீண்ட கைகளும் போதும், மீதியைக் கேரல் கற்றுக்கொடுத்தார்.

எந்த முன்னுரிமையாலும் தீராத சிக்கல்களும் உண்டு. 2020 நவம்பரில் சின்சினாட்டியின் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. காப்பாற்ற வரிசையில்லை என்று எல்லோரும் பேசினார்கள். 2021இல் 5ஆவது தேர்வு வந்தபோது பெனே சூவெல் கைக்கெட்டும் தொலைவில் இருந்தார். பெங்கால்ஸ் அவரை விட்டுவிட்டு ஜமார் சேஸ் என்ற ரிசீவரை எடுத்தது. சேஸ் அந்த ஆண்டே 1,455 கஜம் பிடித்தார், அணி சூப்பர் பௌலுக்குப் போனது. அதே பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் பர்ரோ 51 முறை வீழ்த்தப்பட்டார். சூப்பர் பௌலில் மேலும் 7 முறை. ஆட்டம் 23-20 என்று கைநழுவியது. சேஸ் இல்லாமல் அங்கே போயிருக்க முடியுமா என்பதும், சூவெல் இருந்தால் வென்றிருக்க முடியுமா என்பதும் ஒரே நேரத்தில் நியாயமான கேள்விகள். இந்தத் தேர்வில் எந்தப் பக்கத்தையும் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எல்லோரும் ஒரே விலைப்பட்டியலைக் கையில் வைத்திருப்பதால் விளையும் இன்னொன்றைப் பால்டிமோர் ரேவன்ஸ் நீண்டகாலமாக அறுவடை செய்கிறது. அந்த அணியின் முதல் டிராஃப்ட் 1996இல் நடந்தது. ரன்னிங் பேக் தேவைப்பட்ட நிலையிலும் ஆசி நியூசம் 4ஆவதாக டேக்கிள் ஜானதன் ஆக்டனை எடுத்தார், 26ஆவதாக லைன்பேக்கர் ரே லூயிஸை எடுத்தார். இருவரும் கௌரவ மண்டபத்தில் இருக்கிறார்கள். அவருக்குப்பின் வந்த எரிக் டிகாஸ்டா 2022இல் காத்திருந்தார். சேஃப்டி என்பதாலும் பிற அணிகள் தயங்கிய கைல் ஹாமில்டன் 14ஆவது வரை நழுவி வந்தார். சென்டர் டைலர் லிண்டர்பாம் 25ஆவது வரை வந்தார். அடுத்த ஆண்டே ஹாமில்டன் லீகின் சிறந்த அணியில் முதல் வரிசைக்கு வந்தார். நியூசமும் டிகாஸ்டாவும் ஆட்டநிலையின் விலையை அறியாதவர்களல்லர். பிறர் அந்த விலைக்கு அஞ்சி ஒதுக்குவதைக் கணக்கில் எடுத்தவர்கள்.

இங்கே ஓர் ஆய்வைக் குறிப்பிட வேண்டும். கேட் மாசியும், 2017இல் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் டிராஃப்ட் தரவுகளை ஆராய்ந்து 2005இல் முதலில் வெளியிட்டார்கள். 2013இல் அது ஆய்விதழில் வந்தது. ஒரே நிலையில் அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில் முன்னவர் பின்னவரைவிடச் சிறப்பாக ஆடிய வாய்ப்பு 52 விழுக்காடு என்று கண்டார்கள். நாணயத்தைச் சுண்டினால் 50. பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் நாடெங்கும் ஓராண்டு அலைந்து திரட்டியதற்குக் கிடைக்கும் கூடுதல் இவ்வளவே. முதல் சில தேர்வுகளுக்கு அணிகள் அளவுக்கு மீறி விலை கொடுக்கின்றன என்பதும் அவர்கள் முடிவு. 2011க்குப் பின் சம்பளப் பகுதி மாறிவிட்டது, ஆனால் கணிப்பின் பலவீனம் மாறியதாகத் தெரியவில்லை. யார் சிறந்தவர் என்று உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில், எந்த நிலையை எப்போது வாங்குவது என்பது மட்டுமே மேலாளர் கையில் உள்ள உறுதியான கருவி. தாம்சனும் ரோஸ்மனும் ஹோம்ஸும் இதை அறிந்து நடந்தார்கள். கெட்டில்மன் வீரரைச் சரியாகக் கணித்தும் தோற்றது இதனால்தான்.

ஃபால்கன்ஸுக்கும் இந்தப் பாடம் தாமதமாக வந்தது. 2021இல் ஃபான்டெனோவின் முதல் தேர்வு டைட் எண்ட் கைல் பிட்ஸ், 4ஆவது; வரலாற்றில் அந்த நிலைக்குத் தரப்பட்ட மிக உயர்ந்த இடம். அந்தப் பருவத்தில் அணி எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளை வீழ்த்தியது 18 முறை மட்டுமே, லீகில் கடைசி. ஆனாலும் அடுத்த மூன்று முதல் சுற்றுகளும் தாக்குதல் பக்கமே போயின. 2025இல் ஒரே முதல் சுற்றில் ஜேலன் வாக்கர், ஜேம்ஸ் பியர்ஸ் என்று இரண்டு எட்ஜ் ரஷர்களை அவர் எடுத்தார். இரண்டாமவருக்காக அடுத்த ஆண்டின் முதல் சுற்றையும் கொடுக்க வேண்டியதாயிற்று.

நல்ல மேலாளர்கள் தங்கள் மறுப்புக்கு அடிமைகளல்லர் என்பதற்கும் 2025 டிராஃப்டே சான்று. அது நடந்த இடம் கிரீன் பே. 2002இல் ஜவான் வாக்கரை எடுத்தபின் முதல் சுற்றில் ரிசீவரையே தொடாத பேக்கர்ஸ், ஏப்ரல் 24 இரவு 23ஆவதாக மாத்யூ கோல்டன் என்ற ரிசீவரை எடுத்தது. அதே இரவில் ஈகிள்ஸ் 32ஆவது இடத்திலிருந்து 31ஆவதற்கு ஏறி, ஜிஹாட் கேம்ப்பெல் என்ற லைன்பேக்கரை எடுத்தது. 1979க்குப் பின் முதல் முறை. தோள் அறுவை சிகிச்சை காரணமாக அவர் அவ்வளவு தூரம் இறங்கி வந்திருந்தார். ஓரத்திலிருந்து பாயவும் தெரிந்தவர். அந்த ஒரு படி ஏற ரோஸ்மன் கான்சஸ் சிட்டிக்குக் கூடுதலாகக் கொடுத்தது ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வு.